பைலட்டின் வலது கால்

பைலட்டுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சியில் ஒரு கார் வேகமாக வந்தால் அழுத்தும். வாசலில் தபால்காரர் சைக்கிளைப் படக்கென்று திருப்பினால் அழுத்தும். மனைவி கண்ணாடித் தம்ளரை மேசை ஓரத்தில் வைத்தால்கூட அழுத்தும். மச்சினன் காரில் முன்சீட்டில் போகும்போதோ கேட்கவே வேண்டாம். அவர் கால் படுகிற இடத்தில் மட்டும் தரைவிரிப்பு தேய்ந்து நூல் நூலாகிவிட்டது.

"என் வண்டிக்கு ரெண்டு பிரேக்குங்க. ஒண்ணு கம்பெனிக்காரன் வச்சது, இன்னொண்ணு எங்க மாமா போடுறது" என்று மச்சினன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். வண்டியில் ஏறினால் எல்லோரையும் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தே பழகிய மனிதர் அவர். இப்போது அவரை ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான், அதுவும் நேற்று முளைத்த பயல், ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு.

பைலட் என்பது டிப்போவில் வைத்த பெயர். ஊரில் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். மலைப்பாதையில் அத்தனை வளைவிலும் வண்டியை இறக்கிக்கொண்டு வந்து நிறுத்துவார். பின்சீட்டில் கண்ணாடி மேல் தலை சாய்த்துத் தூங்குகிறவனுக்கு ஒரு முட்டு விழாது. 'இது பஸ்ஸா, ப்ளேனா' என்று எந்தக் கண்டக்டரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மனைவி நர்ஸ். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து அவள் இந்த நாட்டுக்கு வருவதென்று ஆனபோது, இவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே கிளம்பினார். "அங்க போயி என்ன பண்ணுவே?" என்று டிப்போவில் கேட்டார்கள். "ஓட்டுவேன். எந்த நாடா இருந்தா என்ன, ரோடு ரோடுதானே?" என்றார். அப்படிச் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாமா என்று இப்போது தோன்றுகிறது.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மச்சினன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும், "நீ களைச்சிருப்பே மாப்ளே, குடு நான் ஓட்டுறேன்" என்று பைலட் விறுவிறுவென்று போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டார். உட்கார்ந்தபிறகுதான் பார்த்தார்: எதிரே ஸ்டீரிங் இல்லை. ஒரு பெட்டியும், அதன்மேல் கொஞ்சம் தூசியும். ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. அவருடைய இடம் அப்படியே அவருக்காகத்தான் காலியாக இருந்தது, ஆனால் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது லைசென்ஸ். ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்குள் அலுவலகத்தில் கொடுத்தால் டெஸ்ட் இல்லாமலே மாற்றித் தருவார்கள். அந்தக் கெடு, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பைலட் தானாகவே முடிவு செய்துகொண்டார். சட்டமோ விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்திருந்தது. அவர் எந்தக் கார் வாங்கலாம் என்று தெருத் தெருவாக நின்று டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கெடு முடிந்து போனது. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். லைசென்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "இதை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அதற்குள் பழைய சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கியாகிவிட்டது. அது வாசலில் நின்றது. பழகுவதற்கு எடுக்க வேண்டுமானால், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும்; இன்சூரன்ஸும் வேண்டும். மச்சினன் போனை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, இன்சூரன்ஸ்காரரிடம் பேசி இவர்களுக்குத் தமிழில் சொன்னான்.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்கன்னு கேக்கறாரு மாமா."

பைலட் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துகொண்டார். "இருபது வருஷத்துக்கு மேலன்னு சொல்லு. பஸ்ஸுன்னு சொல்லு. ஒரு கீறல் கிடையாதுன்னு சொல்லு."

மச்சினன் சொன்னான். அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கேள்வி வந்தது.

"இந்த நாட்டுல எத்தனை வருஷம்னு கேக்கறாரு."

"இந்த நாட்டுல... இப்பத்தானே வந்திருக்கோம்."

"அப்ப அனுபவம் பூஜ்யம்னு போட்டுக்கறாராம் மாமா."

"பூஜ்யமா? பூஜ்யம்னா என்ன அர்த்தம்? சாவி எங்க போடணும்னுகூடத் தெரியாதுன்னா?"

"கோவிக்காதீங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் கட்டம் இருக்காம். அக்காவுக்கு எத்தனை வருஷம்னு கேக்கறாரு."

"அவ ஸ்டீரிங்க ஒட்டடை அடிக்கக்கூடத் தொட்டதில்ல!"

மச்சினன் அதையும் பெயர்த்துச் சொன்னான். பதில் உடனே வந்தது. "அப்ப அவங்களுக்கும் பூஜ்யம். ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டுதானாம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் விஷமம் ஒன்றுமில்லை; யாருக்கானாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பைலட் எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்று, வாசலில் நிற்கிற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வளைவும் அத்தனை மழையும் அத்தனை ஜனமும் ஒரே மூச்சில் பூஜ்யமாகிப் போனால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

எழுத்துத் தேர்வில், துணைக்கு வந்து எழுதிய மனைவியும் சேர்த்து, இரண்டு பேரும் தேறினார்கள். ஓட்டுகிற டெஸ்ட்டுக்குப் பைலட் முதலில் போனார். டெஸ்ட் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, "கிளம்பலாம்" என்றார். பைலட் கிளம்பவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷமும் பின்னாலிருந்து கண்டக்டர் "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்தபிறகே வண்டியை எடுத்த உடம்பு அது, குரல் வராமல் கால் நகர மறுத்தது. அதிகாரி குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். ஒருவழியாகக் கிளம்பி, முதல் வளைவில் ஹாரன் அடித்தார். இரண்டாவது வளைவில் அடித்தார். நடைபாதையில் நாயோடு போன ஒரு பெரியவருக்கு மரியாதையாக ஒன்று அடித்தார். பெரியவர் திரும்பி நின்று திட்டினார். நாயும் தன் பங்குக்குக் குரைத்தது. பைலட் தோற்றுப் போனார்.

"ஹாரன் அடிக்காம வளைவுல திரும்புறது, கதவைத் தட்டாம வீட்டுக்குள்ள நுழையிற மாதிரில்ல?" என்று வீட்டில் வந்து நியாயம் கேட்டார்.

"இங்க ஹாரன் அடிச்சா கதவ உடைச்சுக்கிட்டு நுழையிற மாதிரிங்க மாமா" என்றான் மச்சினன்.

இதுவரை எல்லாம் விளையாட்டுதான். அதற்கு அடுத்த வாரம் மனைவி வேலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வேலை செய்கிற கட்டடத்தை மூடப் போகிறார்களாம். மாதக் கடைசியோடு அங்கே வேலை இல்லை. அதே நிர்வாகத்தில் வேறு வேலை இருக்கிறது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். வீடுகள் எல்லாம் ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடங்கள். கார் இல்லாமல் ஆகாது. மேற்பார்வை செய்கிற அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: நீ ஓட்டுவாயோ, உன் கணவர் உன்னைக் கொண்டுபோய் விடுவாரோ, அது உங்கள் பாடு, மாதக் கடைசிக்குள் லைசென்ஸும் இன்சூரன்ஸும் என் மேசைக்கு வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன்.

வேலை இல்லையென்றால் வேலை அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் இவருடைய வேலையும் போய்விட்டது, அவளுடைய வேலையும் போய்விட்டது.

"நான் இருக்கும்போது நீ ஏன் கவலைப்படுற?" என்றார் பைலட். "அடுத்த டெஸ்ட்ல வாங்கிடறேன். நீ பின்னாடி ராணி மாதிரி உக்காந்து வா. வீட்டு வாசல்ல இறக்கி விடறேன்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு லைசென்ஸ்? வீண் செலவு" என்றார் இவர்.

"கத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவேன்? இருக்கட்டுங்க" என்றாள் அவள்.

இரண்டாவது டெஸ்ட்டில் ஹாரனைத் தொடவில்லை. தனக்குத் தெரியாமல் கை ஹாரன் பக்கம் போய்விடுமோ என்று ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் கார்கள் நின்றிருந்தன. நடுவில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே ஒரு பார்சல் வேன். பைலட் தலைவிளக்கை இரண்டு தடவை அடித்தார். அதில் என்ன சந்தேகம்? 'நான் வந்துக்கிட்டிருக்கேன், நீ அங்கேயே நில்லு' என்று அர்த்தம். மலைப்பாதையில் எத்தனை லாரிக்காரர்களை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்! வேன்காரனோ புன்னகையோடு கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான். பைலட்டும் நுழைந்தார். அதிகாரி நடுவில் இருந்த கைபிரேக்கை வெடுக்கென்று இழுத்தார். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றன.

"வரச் சொல்லிக் கூப்பிட்டது நீங்கள்தானே? வருகிறவர்மேல் ஏன் ஏற்றப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி. முகம் வெளுத்திருந்தது.

கூப்பிட்டாராம்! பைலட்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே விளக்கை அடித்தால் 'நீங்க முதல்ல போங்க' என்று அர்த்தம் என டிரைவிங் ஸ்கூல் டீச்சர் சொன்னார், மச்சினன் சொன்னான், மனைவியும் சொன்னாள். "சரி சரி, புரிஞ்சுது" என்றார் எல்லோரிடமும். ஆனால் பாத்ரூமில் முகம் கழுவும்போது, "லைட் போட்டா நிக்கத் தெரியாதவனெல்லாம் வேன் ஓட்டுறான்" என்று அவர் முணுமுணுத்தது வெளியே எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த தேதி கேட்டால், மாதம் முடிந்து வெகுநாள் கழித்து ஒன்று காட்டினார்கள். ஒரே வழி, வேறு யாராவது கடைசி நேரத்தில் ரத்து செய்கிற தேதியைப் பிடிப்பதுதான். அப்படி ஒரு தேதி போன் திரையில் தோன்றினால், கண் சிமிட்டுவதற்குள் எவனோ கொத்திக்கொண்டு போய்விடுவான். அன்றிலிருந்து பைலட்டின் காலோடு கட்டைவிரலும் சேர்ந்துகொண்டது. பல் துலக்கிக்கொண்டே, புதுத் தேதி வந்திருக்கிறதா என்று திரையை இழுத்துவிடுவார். மாடிப்படி ஏறும்போது இழுப்பார், இறங்கும்போது இழுப்பார். துணி துவைக்கிற இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, அது சுற்ற இவர் இழுக்க, இரண்டுக்கும் ஓய்வே இல்லை. வீட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து, கீழ்வீட்டுக்காரர் வந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவளுக்கும் அதே தேதிதான் தேவைப்பட்டது. அவள் தயார் என்று டீச்சர் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. "உங்களுக்குக் கிடைச்சா பாருங்க, எனக்குக் கிடைச்சாலும் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் வரிசையில் நின்றபோது, மாதக் கடைசி வாரத்தில் ஒரு தேதி பளிச்சென்று வந்தது. அந்த நொடியில் மனைவியின் நினைவு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் விண்ணப்ப எண்ணைப் போட்டு, தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். பிறகு கூடையை அப்படியே வைத்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தார்.

சாயங்காலம் அவளிடம் சொன்னபோது குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "புடிச்சுட்டேன்! இனிமே பிரச்சினையே இல்ல!"

"யாரு பேருல?"

"என் பேருலதான். நான்தானே ஓட்டப் போறேன்?"

"நல்லதுங்க" என்றாள். எழுந்து போய் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பைத் துவைக்க ஆரம்பித்தாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பைலட்டால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பழகட்டும் என்று காரை எடுத்தார்கள். முதலில் அவள். மச்சினன் முன்னால் பக்கத்து சீட்டில், பைலட் அவன் பின்னால். அவள் ஓட்டி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் ஓட்டுவது ஊசி போடுவது போல இருந்தது. எதைச் செய்வதற்கு முன்னாலும் வண்டிக்கு அதைச் சொல்லிவிடுவாள். "இப்ப லேசா பிரேக் போடப் போறேன்... பயப்படக் கூடாது... அவ்வளவுதான், ஆச்சு. இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம்... கொஞ்சம் கண்ணாடியப் பார்த்துக்கறேன்... ஆச்சு." பைலட்டுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி ஆடாமல் அலுங்காமல் போனது. முட்டு விழாமல் தூங்கலாம்.

அப்போது ஒரு குறுகலான இடம் வந்தது. எதிரே பேருந்து. பேருந்து நின்று, விளக்கை இரண்டு தடவை அடித்தது.

"நில்லு! நில்லும்மா! அவன் வரான்!" பைலட் கத்திவிட்டார். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. முன்சீட்டில் இருந்த மச்சினன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான்.

அவள் நிறுத்தவில்லை. "அவரு நமக்கு வழி விட்டிருக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகக் கடந்து, ஒரு கையைத் தூக்கி நன்றி சொன்னாள். பேருந்து டிரைவரும் கையைத் தூக்கினார். வண்டி வெளியே வந்துவிட்டது.

பைலட் தன் காலைப் பார்த்தார். விளக்கு அடித்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் கத்தியாகிவிட்டது, மிதித்தாகிவிட்டது. டெஸ்ட் நாளில் இந்தக் கால் இதைத்தான் செய்யும். செய்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"மாப்ளே, இங்க ஓரமா நிறுத்தச் சொல்லு. நான் நடந்து வரேன்."

"மாமா, உங்க முறை..."

"நடந்து வரேன்னு சொல்றேன்ல!"

அவர்கள் போனபிறகு பைலட் அந்தக் குறுகலான இடத்துக்கே திரும்பி நடந்தார். நடைபாதை ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தார். ஒன்று விளக்கை அடிக்கும், மற்றது கடந்து போகும், இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப இதுவேதான். ஒருவருக்கும் அவசரமில்லை, கோபமில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் கால் மட்டும் நடைபாதைக் கல்லை அழுத்திக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஓட்ட மறந்து போயிருந்தால்கூடத் தேவலை, மறுபடி கற்றுக்கொள்ளலாம். அவருக்கோ எதுவுமே மறக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்தபோது அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பைலட் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தேதிய நீ எடுத்துக்கோ."

"என்னங்க இது?"

"நீதான் வாங்கப் போற. நான் போனா ஊத்திக்கும்."

"அது உங்க பேருல இருக்கு. மாத்தித் தரமாட்டாங்க."

"நான் ரத்து பண்ணினா அது வெளிய வரும்ல? வர்றப்ப நீ புடி."

மச்சினன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "மாமா, அந்த நேரத்துல ஊரே போனைப் பார்த்துக்கிட்டிருக்கும். வேற எவனாவது கொத்திட்டா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும்."

அது பைலட்டுக்கும் தெரியும்.

மனைவி அவரையே பார்த்தாள். "உங்களுக்கு மனசு வருதா?"

"மனசு வரலதான்" என்றார் பைலட். "உன்ன கொண்டுபோய் விடறது நானா இருக்கணும்னு ஆசப்பட்டேன். இங்க வந்ததுலேருந்து நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல. ஆனா இந்தக் கால நம்பி உன் வேலைய அடகு வைக்க முடியாதும்மா. அன்னிக்கே உன் பேருல போட்டிருக்கணும். போடல. தப்புதான்."

அவள் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து, தன் எண்ணைப் போட்டு, தயாராக வைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மச்சினன் நடுவில் நின்று தன் போனிலும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டான், எதற்கும் இருக்கட்டும் என்று.

பைலட்டின் கட்டைவிரல் ரத்து பண்ணுகிற பொத்தானுக்கு மேலே நின்றது. இத்தனை நாளும் ஓயாத விரல் இப்போது அசைய மறுத்தது.

"சொல்லிட்டு அழுத்துங்க" என்றாள் அவள். கண் திரையை விட்டு அகலவில்லை.

என்ன சொல்வது? அத்தனை வருஷமும் பின்னாலிருந்து கேட்ட குரல்தான் அவர் வாயிலிருந்து வந்தது. "போலாம், ரைட்!"

அழுத்தினார்.

அவள் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. "வரல" என்றாள். மறுபடி இழுத்தாள். "வரல." மச்சினன், "போச்சு, போச்சு" என்று முனகினான். பைலட் கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரல் மட்டும் நடுங்கவில்லை. நரம்பு கிடைக்காத கையில் நரம்பு தேடுகிறவளின் விரல் அது. மறுபடி இழுத்தாள். எதையோ தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள்.

"ஆச்சு" என்றாள்.

மேசை அதன் இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். பைலட்டின் கால் மேசைக்காலை அந்த அழுத்து அழுத்தியிருந்தது.

அதன்பிறகு அவள் பழகப் போனபோதெல்லாம் பைலட்டும் பின்சீட்டில் ஏறி, டொக்கு டொக்கென்று தரையை மிதித்துக்கொண்டே போனார். டெஸ்ட் அன்று அவர் மச்சினனோடு காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பது பேச்சுக்குத்தான். வரிசையாக ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள் அவை. இவர் கால் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் வரிசை முழுவதும் அதிர்ந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். சாம்பல் நிறக் கார் திரும்பி வந்து நின்றதையும், அதிகாரி இறங்கியதையும், மனைவி இறங்காமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்ததையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருக்கு உயிரே போய்விட்டது. ஓடினார்.

"என்னாச்சு?"

"நான் வண்டியோட பேசினது எந்தப் பாஷைன்னு கேட்டாருங்க" என்றாள். கண்ணில் நீர் நின்றது, வாய் சிரித்தது. "நல்லா இருந்துச்சாம். குடுத்துட்டாரு."

மச்சினன் அங்கேயே நின்று இன்சூரன்ஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். இந்தத் தடவை அவளே பேசினாள். தட்டுத் தடுமாறினாலும் விடவில்லை. முதல் டிரைவர் நான், அனுபவம் பூஜ்யம் என்று தானே முந்திக்கொண்டு சொன்னாள். கூட ஓட்டுகிறவர் யாராவது உண்டா என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "என் கணவர். கற்றுக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அவருக்குப் பூஜ்யம் இல்லை" என்றாள். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. பைலட் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

மேற்பார்வை அம்மாளின் மேசையில் லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டு தாளையும் அன்றே வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார்கள். மச்சினன் தானாகவே பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "மாமா, முன்னாடி போங்க" என்றான். பைலட் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே அதே பெட்டி, அதே தூசி. வலது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே இடது காலைப் போட்டு அமுக்கிக்கொண்டார்.

"காலுக்கு என்ன?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டும்போது தொந்தரவா இருக்கும்ல."

"டெஸ்ட்ல பக்கத்துல அந்த ஆளு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. டொக்கு டொக்குன்னு உங்க சத்தம் இல்லாம, வண்டியில யாருமே இல்லாத மாதிரி பயந்து செத்துட்டேன். காலை நீட்டி வைங்க."

பைலட் காலை நீட்டினார்.

தெருமுனை தாண்டியதும் ரோடு குறுகியது. எதிரே வந்த வேன் ஒதுங்கி நின்று விளக்கை அடித்தது. அவருடைய கால் டொக்கென்று தரையை மிதித்தது. அவள் சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வண்டியை உள்ளே விட்டாள்.

"எனக்கு இப்பத்தாங்க கை நடுங்குது" என்றாள். "நீங்க கையத் தூக்குங்க."

பைலட் கையைத் தூக்கினார்.